அகிரிப்பாவின் அவையில் பவுலின் மறுமொழி

அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தில், செசரியா நகரில் இரண்டாம் அகிரிப்பா மன்னன் முன்னிலையில் பவுல் ஆற்றும் உரை, ஆட்சியாளர் முன் கிறித்தவ நம்பிக்கைக்காக வாதிடுவோர்க்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது. இதனை நீதிமன்ற வாதமாகக் கண்டு, முகமன், வரலாற்றுக் கூற்று, சான்று, முடிப்பு எனப் பகுத்துக் காட்டுவாரும் உளர். அவ்வுறுப்புகள் அங்கு இல்லாமல் இல்லை. எனினும் அவ்வாசிப்பு உரையின் உயிர்நிலையை நழுவவிடுகிறது; ஏனெனில் அது வழக்கு மன்றமே அன்று.

முந்தைய அதிகாரத்திலேயே பவுல் பேரரசனிடம் மேல்முறையீடு செய்துவிட்டார். ஆளுநனாகிய பெஸ்து அதனை ஏற்றும் கொண்டான். இனி அங்குத் தீர்ப்பளிக்கும் நிலையில் எவரும் இல்லை. உரோமைக்கு எழுதியனுப்பத் தக்க குற்றம் அகப்படாமையால் பெஸ்து அகிரிப்பாவின் துணையை நாடுகிறான், அவ்வளவே. முன்னைய ஆளுநன் பேலிக்ஸ் கையூட்டை எதிர்பார்த்துப் பலமுறை அழைத்துப் பேசி, ஈராண்டுகள் காவலில் வைத்திருந்த கைதி அவர். இப்பேச்சால் அவர் பெறத்தக்க விடுதலை ஏதுமில்லை. அதனாலேயே உரை தன்னைக் காக்கும் கடமையிலிருந்து விடுபட்டுச் சான்று பகர்தலாக மாறுகிறது.

தமஸ்கு வழியில் கண்ட காட்சியை இந்நூல் 9, 22, 26 ஆகிய அதிகாரங்களில் மும்முறை சொல்கிறது. கூறியது கூறல் என்னும் குற்றம் இதற்குப் பொருந்தாது. அவைக்கேற்ப உரை மாறுகிறது. எருசலேமில் யூதத் திரளின் முன் பேசுகையில், திருச்சட்டம் பேணும் அனனியாவுக்கு இடம் உண்டு. அகிரிப்பாவின் அவையில் அனனியா முற்றிலும் மறைகிறார். ஏவல் வானிலிருந்து நேரே வருகிறது. அதற்குத் தாம் கீழ்ப்படியாதிருக்கவில்லை என்று பவுல் அரசனிடமே சொல்லும்போது, அரசாணைக்கு மேம்பட்ட ஆணை ஒன்று அவையில் வைக்கப்படுகிறது. எபிரேய மொழியில் ஒலித்ததாகச் சொல்லப்படும் அக்குரல், தாற்றுக்கோலை உதைக்கும் எருதைப் பற்றிய பழமொழியைக் கூறுவதும் கருதத்தக்கது. எஸ்கிலஸ், யூரிப்பிடிஸ் ஆகியோரின் கிரேக்க நாடகங்களில் வழங்கும் பழமொழி அது. இதனை ஆசிரியரின் கைவண்ணம் என ஒதுக்குவதைவிட, கேட்போரை அறிந்து தொடுத்த சொல் எனக் கொள்வதே பொருத்தம்.

அகிரிப்பாவின் தந்தை யாக்கோபை வாளால் கொன்ற செய்தி 12ஆம் அதிகாரத்திலேயே உள்ளது. பவுல் அதனைச் சுட்டாமல், யூத வழக்கங்களை நன்கறிந்தவன் என்று மன்னனைப் பாராட்டுகிறார். அது வெறும் முகமன் அன்று. பெஸ்து இடைமறித்து, மிகுந்த கல்வி பித்தாக்கியது என்று கூவியதும், அந்த அறிவையே பிடியாகக் கொண்டு தீர்க்கர்களை நம்புகிறாயா என மன்னனையே வினவுகிறார். கேட்பவனாக வந்தவன் விடை சொல்ல வேண்டியவனாகிறான். கண்ணகிக்குப் பாண்டியன் அவையில் உடைத்துக் காட்டச் சிலம்பு இருந்தது. பவுலுக்குக் கைச்சான்று எதுவுமில்லை, தம் மாறிய வாழ்வைத் தவிர.

மன்னனின் விடை ஒரு நழுவல். 1871இல் வெளிவந்த ஐக்கியத் தமிழ் மொழிபெயர்ப்பு அதனைக் ‘கொஞ்சங்குறைய’ என்னும் சொல்லால் பெயர்த்து, மனமாற்றத்தின் விளிம்பில் நிற்பவனாக அவனைக் காட்டுகிறது. கிரேக்க மூலமோ ‘இத்துணைச் சிறுபொழுதிலா’ என்னும் எள்ளலுக்கே மிகுதியும் இடந்தருவது. புதிய ஏற்பாட்டில் ‘கிறிஸ்தவன்’ என்னும் பெயர் மூன்றே இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்று இந்த எள்ளல். பவுல் அப்பெயரைத் தள்ளவில்லை. சிறுபொழுதோ நெடும்பொழுதோ, கேட்போர் அனைவரும், இந்த விலங்குகள் நீங்கலாக, தம்மைப்போல் ஆகவேண்டும் என்கிறார். அவ்விலக்கு இல்லையேல் அது வெறும் வீறாப்பாகியிருக்கும்.

ஆட்சியாளர் எழுந்து தனியே சென்று, இவன் குற்றமற்றவன் என்று தமக்குள் பேசிக்கொள்கின்றனர். மேல்முறையீடு செய்யாதிருந்தால் விடுதலை பெற்றிருப்பான் என்கிறான் அகிரிப்பா. அச்சொல் பவுலின் செவிக்கு எட்டியதாக ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. அடுத்த அதிகாரம் அவரைக் கப்பலேற்றுகிறது.