பொன் முத்திரை பெறும் சட்டை

புத்தளம் நகரிலும் கற்பிட்டி வீதியின் சந்திகளிலும் உள்ள தையல் கடைகளில் அளவுச் சட்டைக்கு இருக்கும் மரியாதை அளவு நாடாவுக்கு இல்லை. அபாயாவோ சாரி பிளவுஸோ தைக்கக் கொடுக்க வருபவர், உடம்போடு ஒத்துப்போன பழைய ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். "நானா, இதே அளவுதான். கை மட்டும் ஒரு இஞ்ச் கூட்டுங்க." அவ்வளவுதான் பேச்சு. துணியைப் புரட்டிப் பார்த்தே உடுத்தியவரின் தோள் சரிவைச் சொல்லிவிடும் தையற்காரர்கள் இந்தக் கரையில் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களில் யாழ்ப்பாணத்தில் தையல் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் கைப்பழக்கமும் சேர்ந்துதான் இங்கே குடியேறியது.

அளவுச் சட்டையில் உடம்பு முந்தி, சட்டை பிந்தி. ஆடைத் தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் இது தலைகீழாகிறது. அங்கே முதலில் வருவது ஒரு வரைபடமும் அளவுப் பட்டியலும்தான். யார் உடுத்தப்போகிறார் என்று எவருக்கும் தெரியாது.

புத்தளத்திலிருந்து சிலாபம், மாரவில, வென்னப்புவ வழியாகக் கட்டுநாயக்க நோக்கி இறங்கும் கொழும்பு வீதி, ஆடைத் தொழிலுக்குப் போன பெண்களின் வீதியும்கூட. கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் வந்தது. 1992இல் பிரேமதாச அரசு தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் மெஷின்களைக் கிராமங்களுக்கே கொண்டுபோனது. இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் லைனைப் பற்றியே, அதாவது உற்பத்தி வரிசையைப் பற்றியே பேசுகிறார்கள். லைனில் ஒரு சேர்ட் பல சிறு வேலைகளாகப் பிரிந்துபோகும். கொலர் பூட்டுகிறவருக்கு நாள் முழுக்கக் கொலர். முழுச் சட்டையையும் ஒரே ஆள் தைத்து முடிக்கும் இடம் சாம்பிள் ரூம் மட்டுமே. தையல் ஒரு முழுக் கலையாக ஆலைக்குள் உயிரோடு இருப்பது அங்கேதான் என்பது என் எண்ணம்.

சாம்பிள் என்பது ஒன்றல்ல. முதலில் புரோட்டோ: கையில் கிடைக்கும், எடை ஒத்த ஏதோ ஒரு துணியில் வரைபடத்துக்கு உருக்கொடுப்பது. நிறம் பொருந்தாது, பொத்தான் வேறாக இருக்கும். கேள்வி ஒன்றுதான், இந்த எண்ணம் உடையாக நிற்குமா?

என் மனம் அதிகம் தங்குவது அடுத்து வரும் ஃபிட் சாம்பிளில். நடு அளவில் ஒன்றைத் தைத்து டம்மியிலும், பிறகு உயிருள்ள உடம்பிலும் மாட்டிப் பார்ப்பார்கள். தெரிந்த கண் அப்போது பார்ப்பது சட்டையின் அழகை அல்ல, சுருக்கங்களை. அக்குளிலிருந்து மார்பை நோக்கி இழுபடும் கோடு, அங்கே துணி போதவில்லை என்கிறது. பின்கழுத்துக்குக் கீழே படுக்கையாக விழும் மடிப்பு, முதுகு நீளத்தையோ தோள் சரிவையோ திருத்தச் சொல்கிறது. பக்கத் தையல் நேரே தொங்காமல் முன்னே சாய்ந்தால், முன்பாகமும் பின்பாகமும் ஒன்றோடொன்று இசையவில்லை. எல்லாவற்றிலும் கடினம் கை பூட்டுவது. கோட்டில் கையின் மேல்வளைவு கைக்குழியைவிடச் சில சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை ஒரு சுருக்கமும் வெளியே தெரியாமல் தையலுக்குள் கரைத்துவிடுவது பல வருடக் கைகளுக்கே வசப்படும். நன்றாகப் பூட்டிய கையை விரலால் தடவிப் பார்த்தால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

சைஸ் செட்டில் கணக்கு நுழைகிறது. உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை. மார்பு விரியும் அளவுக்குக் கழுத்து விரியாது, கை நீளம் அதைவிடவும் குறைவாகவே கூடும். ஸ்மோலிலிருந்து எக்ஸ்எல் வரை அடுக்கிப் பார்க்கும்போது நடு அளவில் ஒளிந்திருந்த பிழை பெரிய அளவில் வெளியே வரும். சேல்ஸ்மன் சாம்பிள், படப்பிடிப்பு சாம்பிள் எல்லாம் விற்பனையின் தேவைக்கு. அவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை.

துவைத்துப் பார்க்கும் சாம்பிள் அப்படியல்ல. துணி நீளவாக்கில் 3 சதவீதம் சுருங்குமென்றால், 72 சென்டிமீட்டர் உடல் நீளத்துக்கு 74.2 சென்டிமீட்டர் பேட்டர்ன் வெட்ட வேண்டும். இன்னும் வராத சுருக்கத்துக்கு முன்கூட்டியே இடம் விடும் வேலை அது. நிறத்துக்கு லேப் டிப் என்று சாயத் துண்டுகள் வரும். விளக்குப் பெட்டிக்குள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்கள், கடை விளக்கின் ஒளியில் பிரிந்துபோவதைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய சாம்பிள். உண்மைத் துணி, உண்மை நூல், உண்மை லேபிள். இது தேறாமல் மொத்தத் துணியில் கத்தி வைக்கக்கூடாது. தேறினால் பையர், அதாவது ஆர்டர் தருபவர், கையெழுத்திட்டு முத்திரைச் சீட்டுக் கட்டுவார். சிலரிடம் அதற்குப் பொன் முத்திரை என்று பெயர். அதன் பிறகு லைனில் எழும் எந்தச் சந்தேகத்துக்கும் அந்தச் சட்டையே தீர்ப்பு.

இந்த இடத்தில் சாம்பிள் தைப்பவரின் கலைக்கு ஒரு கடுமையான கட்டுப்பாடு வந்து சேர்கிறது. அவரால் எவ்வளவோ நேர்த்தியாகத் தைக்க முடியும். ஆனால் அந்த நேர்த்தி லைனில் ஆயிரக்கணக்கில் திரும்ப வராவிட்டால் அந்தச் சாம்பிள் பொய் சொல்கிறது. ஆகவே தன் கையின் முழுத் திறமையைக் காட்டாமல், மற்றவர் கைகளுக்கு எட்டும் எல்லையில் அதை நிறுத்த வேண்டும். இந்த அடக்கத்தைப் பெரிய வித்துவான்களிடம்கூட எளிதில் காண முடியாது. உற்பத்தி தொடங்கியதும் லைனிலிருந்து இறங்கும் முதல் உருப்படிகளில் எடுக்கும் டாப் சாம்பிளை முத்திரைச் சட்டையோடு சேர்த்து விரித்து அளக்கும்போது, அளவுகள் பட்டியல் அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றால், அந்த அடக்கம் பலித்தது என்று பொருள்.

ஆடை ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை 2004 முடிவில் போன பிறகு, இலங்கை மலிவை நம்பாமல் உள்ளாடை, விளையாட்டு ஆடை போன்ற நுணுக்க வேலைகளில் நிலைத்ததற்குச் சாம்பிள் ரூமின் இந்தக் கைகளும் காரணம். பிராவில் சிறு துண்டுகள் பல. மில்லிமீட்டர் பிசகினால் உடம்பு சொல்லிவிடும். இப்போது புரோட்டோவைத் திரையிலேயே முப்பரிமாணத்தில் காட்டுகிறார்கள். துணியும் நாளும் மிச்சம், வரவேற்கிறேன். ஆனால் அக்குளில் துணி உரசுகிறதா என்பதைத் திரை சொல்லாது.

தீர்வை விலக்குக்காகச் சில நாடுகளுக்கு அனுப்பும் சாம்பிள்களை, விற்க முடியாதபடி துளையிட்டோ கிழித்தோ அனுப்புவது வழக்கம். முத்திரைச் சட்டைகளும் ஆர்டர் முடிந்து சில காலம் இருந்துவிட்டுக் கழிவோடு போகின்றன. ஸ்டைல் எண், அளவு, தேதி, பையரின் கையெழுத்து எல்லாம் சீட்டில் இருக்கும். தைத்தவர் பெயருக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சீட்டில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சீசனிலும் ஒரு முத்திரைச் சட்டையையாவது, தைத்தவர் பெயரோடு, புத்தளத்திலும் சிலாபத்திலும் தையல் பழக வரும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்க்கட்டும்.