நாயகன் இல்லாத தோட்டப் படம்

கிரிக்கெட்டில் சராசரியை வைத்து ஆட்டக்காரரை எடைபோடுவதுபோல இயக்குநரையும் எத்தனை படம், எத்தனை நாள் ஓட்டம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கணக்கில் இலங்கை இயக்குநர் சுமதி சிவமோகனின் பெயர் மேலே வராது. 2013இல் தேயிலைத் தோட்டங்களின் மலையகத்தைப் பற்றி ‘இங்கிருந்து’, 2017இல் சிங்களத் திரையுலகின் இசைக் குடும்பம் ஒன்றை வைத்து ‘சன்ஸ் அண்ட் ஃபாதர்ஸ்’, பிறகு யாழ்ப்பாண வீடொன்றுக்குள் நடக்கும் ‘தி சிங்கிள் டம்ளர்’, வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றிய பாலைக்குளி ஆவணப்படம். வசூல் பேசப்பட்ட படம் இவற்றில் ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்குப் படம் அவர் கையிலெடுக்கும் சமூகம் மாறுகிறது, தேவைப்பட்டால் மொழியும் மாறுகிறது. மலையகத்தின் டிக்கோயாவிலிருந்து பார்க்கும்போது அவருடைய பெரிய சாதனை வேறொன்று. தோட்டப் படத்திலிருந்து நாயகனை அவர் வெளியே அனுப்பினார்.

அந்த நாயகன் சும்மா வந்தவன் அல்ல. 1960களின் தொடக்கத்தில் வந்த ‘தோட்டக்காரி’யிலேயே தேயிலை மலை திரைக்கு வந்துவிட்டது. 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்த வி. பி. கணேசன் நிஜத்திலும் தொழிற்சங்கத் தலைவர். 1978இல் ‘நான் உங்கள் தோழன்’. மேடையில் பேசியவரே திரையிலும் நியாயம் கேட்டார், சனம் கைதட்டியது. அதை எம்.ஜி.ஆர். பாணி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, வாக்குரிமையும் போய், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்குபோடப்பட்ட மலையக மக்களுக்குத் தங்கள் சார்பில் பேச ஒருவன் வேண்டியிருந்தது. நட்டம் என்னவென்றால், அவன் பேசும்போது கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் அவனுக்குப் பின்னால் கூட்டமாகிவிடுகிறார்கள். ‘இங்கிருந்து’வில் அந்த முன்வரிசை ஆளே இல்லை. ஒரே கதையாக ஓடாமல், ஒரு வாழ்க்கையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்து, சமூகத்தையே பாத்திரமாக்குகிறது படம். காரணத்தைத் தேடி ஓடாமல் காத்திருந்து பார்க்கும் ஆவணப்படக்காரரின் பழக்கம் இது. கற்பனைக் கதைக்குள் அதைக் கொண்டுவந்ததுதான் துணிச்சல்.

யாழ்ப்பாணத்தவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், அவருக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். வெறும் பிரதேசப் பொறாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மலையகத்தின் குடியுரிமை விவகாரத்தில் யாழ்ப்பாணத் தலைமை நடந்துகொண்ட விதத்தால்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆனால் இதே இயக்குநர் சொந்த ஊரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்றும் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதை ‘தி சிங்கிள் டம்ளர்’ ஒரு தமிழ்க் குடும்பத்தின் நினைவுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. தன் வீட்டாரைச் சங்கடப்படுத்தத் தயங்காதவரை, அடுத்த வீட்டின் துயரத்தைக் காட்டிப் பெயர் எடுக்க வந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் பிறந்த ஒருவர் எடுத்திருந்தால் படம் வேறாக இருந்திருக்கும் என்பது உண்மை. அந்தப் படமும் வரட்டும், இது அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

பார்வையாளரைச் சென்றடையவில்லை என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. பழியில் பாதியைச் சூழலுக்கும் கொடுக்க வேண்டும். 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோ எரிந்தது, படச்சுருள்களும் போயின. அதன்பின் ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கென்று நிலையான விநியோக வழி எதுவும் உருவாகவில்லை. தென்னிந்தியப் படங்களோடு எந்தத் திரையரங்கில் போட்டி போடுவது? மீதிப் பாதி இயக்குநருடையது. இருநூறு ஆண்டு வரலாறு, போர், கூலி, பெண்களின் உழைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் சொல்லிவிடும் அவசரம் ‘இங்கிருந்து’வில் தெரிகிறது. நாயகனை எடுத்துவிட்ட இடத்தில் பார்வையாளர் பிடித்துக்கொள்ள வேறொன்று வேண்டும். அதைப் படம் எல்லா இடங்களிலும் தரவில்லை. டிக்கோயாவில் ஒரு தோட்ட மண்டபத்தில் திரை கட்டிப் போட்டால் முதல் அரைமணி நேரத்தில் பலர் எழுந்து போகக்கூடும். விமர்சகர்களே, கருத்தரங்குகளில் பேசியது போதும், அப்படியொரு மண்டபத்தில் படத்தைப் போட்டு, கடைசிவரை இருப்பவர்கள் எந்தக் காட்சிக்காக இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.