விறாந்தையில் வாசித்த உறுதிகள்

முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்றால் என்னவென்று நம் சங்க அங்கத்தவர்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மலர்க் குழுப் பெரியவர்கள் கேட்டதோ, மன்னார்த் தீவில் தேசவழமைத் தொழில் எப்படி நடந்து வந்தது என்றுதான்.

யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டு வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சிமொன்ஸின் கட்டளைப்படி 1707இல் வழமைகளைத் தொகுத்து முடித்தார். யான் பீரூஸ் அதைத் தமிழாக்க, 12 முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னாரும் யாழ்ப்பாணக் கொமாண்டரிக்குள்தான் இருந்தது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அந்த ஏட்டுக்குச் சட்ட வலு கொடுத்தது. ஊராருக்குக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே சட்டம் என்பதுதான் இத்தொழிலின் முதற்பாடம்.

அதன்பின் பள்ளிகள் பிரிந்தன. முத்துக்கிருஷ்ணா 1862இல் ஏட்டோடு நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் பதிப்பித்தார். அது தீர்ப்புப் பள்ளி. உயர்நீதிமன்ற நீதியரசர் எச். டபிள்யு. தம்பையா வழி வந்தவர்கள் வழமையின் வேரைத் தேடினார்கள். மூன்றாவதற்குப் புத்தகம் கிடையாது. நொத்தாரிசு வீட்டு விறாந்தையே அதற்குப் பள்ளிக்கூடம். இக்கட்டுரையாளர் படித்தது அங்கேதான்.

சட்டமும் சும்மா கிடக்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுத அந்தச் சம்மதம் வேண்டியதில்லை. செத்தால் கொடுக்கலாம், உயிரோடு கொடுக்க முடியாது! 1947இல் தேடியதேட்டம் திருத்தப்பட்டது. முன்கொள்வனவு உரிமை பங்காளிகளோடும் உரித்தாளிகளோடும் நின்றுவிட, பக்கத்துக் காணிக்காரன் வெளியே போனான். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: கணவன் இருக்குமிடம் தெரியாதபோது, காணி விற்க அவன் தரவேண்டிய சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம் தரலாம். யுத்தத்துக்குப் பிறகு மன்னாரில் இந்த வாசகத்தின் கனம் தெரியாத சட்டத்தரணி இல்லை. 2016இல் வந்த காலவதி விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து கிடந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்றது.

இவ்வளவும் தெரிந்த இளையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. சங்கத்தார் எவரையும் இங்கே குறிப்பிடவுமில்லை. ஆனால் உறுதியை வாசித்து விளங்கப்படுத்துகிற வழக்கம் எங்கே போயிற்று? கணினியில் பழைய உறுதியைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். கிணறே இல்லாத காணிக்கும் ‘வான்பயிர், செய்பயிர், கிணற்றுப்பங்கு’ ஒட்டிக்கொண்டு வருகிறது. சாட்சிகள் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கையொப்பமிடுவார்கள் போலிருக்கிறது. பங்கு வழக்குகள் பெருகுவதும், அண்ணன் தம்பி பேசாமற் போவதும், பிள்ளைகள் எழுத்துப் பிழையோடு எழுதுவதும், ஏன், பேனை மை வெளிறுவதும்கூட இதனால்தான் என்று இக்கட்டுரையாளர் ஒரு கூட்டத்தில் சொல்லப்போய்ச் சிரிப்பு வாங்கியதுண்டு. இன்றும் அதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

1544இல் வேதசாட்சிகள் விழுந்த தோட்டவெளி மண்ணில், இக்கட்டுரையாளருக்குத் தொழில் படிப்பித்த ஆசானின் விறாந்தை இருந்தது. ஒருநாள் ஒரு கிழவி மகளுக்குச் சீதனம் எழுத வந்தாள். ஆசான் எல்லைகளை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “வடக்கு ஒழுங்கை...”

“அது ஒழுங்கையில்லைத் தம்பி. கோயில் காணி. சனம் நடந்து நடந்து ஒழுங்கையாப் போச்சு.”

கோயிலிடம் உறுதி இருக்கவில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 107ஆம் பிரிவு: எழுத்தில் அமையாவிட்டாலும், சூழ்நிலையைப் பார்த்துத் தர்மச் சொத்து என்று நீதிமன்றம் கொள்ளலாம். ஆசான் அதையெல்லாம் கிழவிக்குச் சொல்லவில்லை. பேனையை மூடினார், செருப்பை மாட்டினார், வேலியோரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். மூன்று தாள் வீணாயிற்று. மறுநாள் புதிதாக எழுதிய உறுதியை முதலிலிருந்து மறுபடியும் வாசித்த பிறகே அவளிடம் பெருவிரலை நீட்டச் சொன்னார்.