பொடி எழுத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

ஆடி பிறந்துவிட்டால் ஆரணியாற்றங்கரை ஊர்களில் சுவரெல்லாம் திருவிழா நோட்டீஸ்தான். ஆரணி, பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் என்று எங்கே பார்த்தாலும் நோட்டீஸின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ‘இரவு 10 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்பது கொட்டை எழுத்தில். டிவியில் வந்த பாடகர் யாராவது இருந்தால் அவர் படமும் உண்டு. ‘மாலை 6 மணிக்குப் பம்பை, உடுக்கை முழங்க அம்மன் வீதியுலா’ என்பது பொடி எழுத்தில். எந்த ஊர்ப் பம்பை என்றுகூடப் பெரும்பாலும் போடுவதில்லை.

புதிதாக ஒரு குழுவைக் கண்டுபிடித்து மனசுக்கு நெருக்கமாக்கிக்கொள்ள அந்தப் பொடி எழுத்து வரிதான் சரியான இடம். அதை எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

ஏன் முன்னால் வாசிப்பவர்?

பெரிய பெயருக்காகப் போகும்போது நமக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலோடு போகிறோம். இதைப் பாடினாரா, படத்தில் வந்த மாதிரியே பாடினாரா என்று சரிபார்ப்பதிலேயே பாதி ராத்திரி போய்விடும். முன்னால் வாசிப்பவரிடம் நமக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. அவருக்கோ நேரம் குறைவு, கூட்டம் இன்னும் சேரவில்லை, மைக் செட்காரர் ஒயரோடு அலைந்துகொண்டிருப்பார். அதற்குள் தன்னிடம் இருக்கும் சரக்கை அவர் இறக்கியாக வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 1967 ஜூலையில் ‘மங்க்கீஸ்’ என்ற பிரபலக் குழுவுக்கு முன்னால் வாசிக்க ஒரு கிட்டார்காரரைப் போட்டார்கள். மங்க்கீஸைப் பார்க்க வந்த சின்னப் பெண்கள் அவர் வாசிக்கும்போதே தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிக்கொண்டார். அவர் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். நம் ஊரிலும் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் ஓரமாக உட்கார்ந்து வாசித்த ராசையாவை அன்றைக்கு எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோதுதான் இளையராஜா என்ற பெயர் ஊருக்குத் தெரிந்தது.

எங்கே நிற்பது?

முதல் ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டுக் கிளம்பினாலும் ஆறு மணிக்குக் கோயில் வாசலில் இருக்கலாம். நேராக ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போய் நிற்காதீர்கள், அங்கே இரைச்சல்தான் கிடைக்கும். பம்பைக்காரருக்குப் பக்கவாட்டில், அவர் கைகள் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். தோல் வாத்தியத்தைக் காதால் கேட்பதில் பாதி, கண்ணால் பார்ப்பது.

பறை இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாடியே போவது நல்லது. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, பறையின் தோலை அந்த அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். காட்டுவார்கள், தட்டுவார்கள், மறுபடி காட்டுவார்கள். மந்தமாக இருந்த ஒலி கணீரென்று ஏறுவது உங்கள் கண்ணெதிரிலேயே நடக்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதை மரியாதையோடு பார்க்கும் நாம் இதையும் அப்படியே பார்க்கலாம்.

ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள்

மொத்தமாகக் கேட்டால் எல்லாப் பம்பைக் குழுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துக் கேட்டால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்.

பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள். ஒன்று மரத்தால் ஆனது, மற்றது பித்தளை. இரண்டுக்கும் குரல் வேறு. கொஞ்ச நேரம் அடங்கிய குரலை மட்டும் கேளுங்கள், பிறகு கணகணக்கும் குரலை மட்டும். அடுத்து உடுக்கைக்கு வாருங்கள். அதன் இடுப்பில் ஓடும் கயிற்றை விரல்கள் எப்போது அழுத்துகின்றன என்று பாருங்கள். அழுத்தினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். நல்ல உடுக்கைக்காரர் அந்த ஒரு பிடியில் வாத்தியத்தைப் பேச வைத்துவிடுவார். கைச்சிலம்பு இடைவெளி விடாமல் காலத்தைப் பிடித்து நிற்கும். பறை என்றால் இரண்டு குச்சிகள். குட்டையான அடிக்குச்சி எடுத்துக் கொடுக்க, நீளமான சிண்டுக்குச்சி அதற்கு நடுவே புகுந்து விளையாடும்.

கடைசியாகக் குரல். அம்மனைத் தலைமுதல் பாதம்வரை வர்ணித்துப் பாடுவது வர்ணிப்பு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டாகத் தொடர்வார்கள். எடுத்துக்கொடுப்பவர் மூச்சு வாங்கும் இடத்தைப் பின்பாட்டு மூடிவிடுகிறதா? அப்படியென்றால் அவர்கள் பல வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடை மாறும் இடம்

இந்த இசையின் உச்சம் அருள் வரும் நேரம். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பு லேசாக ஆட ஆரம்பித்ததும் பம்பைக்காரர் அவள் பக்கம் திரும்புவார். அவர் கண் அவள் காலில் இருக்கும். அடி நெருங்கும், சொற்கள் குறையும், உடுக்கை மேலே ஏறும். தேர்ந்த கலைஞர் அவசரப்பட மாட்டார், அவள் கால் கேட்கும் வேகத்தை மட்டுமே கொடுப்பார். சாமி குறி சொல்லி முடித்து மலையேறும்போது அதே வேகத்தைப் படிப்படியாக இறக்கி, அவளைப் பத்திரமாகத் தரையில் விடுவார். ஏற்றுவதைப் பலரும் செய்வார்கள், இறக்கத் தெரிந்தவர்தான் கலைஞர். அந்த நேரத்தில் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

பிடித்துவிட்டதா?

உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முதல் பத்து நிமிஷம் எந்தக் குழுவும் சத்தத்தால் மிரட்டிவிடும். அரை மணி நேரம் கழித்தும் உங்கள் கால் அங்கேயே நிற்கிறதா, டீ குடிக்கலாம் என்று கூப்பிட்ட நண்பரிடம் ‘இருப்பா, வரேன்’ என்று சொன்னீர்களா, அதுதான் அடையாளம்.

முடிந்ததும் அருகே போய்ப் பேசுங்கள். ‘எந்த ஊருண்ணே? யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். வாத்தியத்தின் மேலேயே ஊரும் செல் நம்பரும் எழுதி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதை அன்பளிப்பாகக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் எந்த ஊரில் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பஞ்சேலை நேர்த்திக்கடனோடு கூட்டம் வரும் ஆடி ஞாயிறுகளில் அடுத்தடுத்துப் பல குழுக்களை ஒப்பிட்டுக் கேட்கலாம்.

ஆற்றங்கரையைத் தாண்டி

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சென்னையும் உங்களுக்குத் திறந்துகொள்ளும். பொன்னேரியில் ஏறினால் மின்சார ரயில் சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. மாலையில் வரும் பெரிய வித்வானுக்கு முன்னால், பாதி காலியான அரங்கில், இளையவர்கள் ராகத்தை விரித்துப் பாடுவார்கள். பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமத்தில் ஒரே மேடையில் குழு மாற்றிக் குழு ஏறும். 2007இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல் அரசு விழாவாகத் திரும்பிய நிகழ்ச்சி அது. கானாவையும் பறையையும் கிட்டாரோடு சேர்த்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியபோது அதில் பாடிய பலர் வடசென்னையின் தெருக்களில் பாடிக்கொண்டிருந்த கானாக்காரர்கள். அவர்களை முன்பே கேட்டு வைத்திருந்தவர்களும் அந்தத் தெருக்களில் இருந்தார்கள்.

விழாக் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பம்பைக் குழுவின் பெயரையும் ஊரையும் ஒரு வரி போடுங்கள். அதற்கு அச்சகத்தில் கூடுதலாகக் காசு கேட்க மாட்டார்கள்.