விழுப்புண்ணும் வயிற்றுத் தழும்பும்

போர்க்களத்தில் வீரன் ஏற்ற காயத்தை விழுப்புண் என்று போற்றியது எமது இலக்கிய மரபு. அது படாத நாட்களை வீரன் வீணான நாட்களாகக் கணக்கிடுவான் என்கிறது திருக்குறள். பிள்ளை பெற்ற வயிற்றின் வரிகளுக்கோ தையல் வடுவுக்கோ அத்தகைய மதிப்பு கிட்டியதில்லை.

இலக்கியம் கவனியாது விட்ட அவ்விடத்தை இன்று விளம்பரம் பிடித்துக்கொண்டது. தளர்ந்த வயிறு ஒரு குறை என்று முதலிற் சொல்லி, பின்னர் அதனை இறுக்கும் அழகுச் சத்திரசிகிச்சையை விற்கிறது. சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இடையிலுள்ள வெட்டு மட்டும் காட்டப்படுவதில்லை. அவ்வெட்டு பெரும்பாலும் ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை நீள்வது. வடு மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் செல்லலாம், முற்றாக மறைவதில்லை. உடைக்குள் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவே. கருநிறத் தோலில் அது தடித்தெழும் வாய்ப்பும் அதிகம். காயத்தில் இழுவை கூடினால் வடு அகலும். ஆதலால் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கலாகாது என்பது வைத்திய விதி.

இவ்விதி கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களை எட்டும்போது வர்க்கப் பிரச்சினையாகிவிடுகிறது. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறப்பர்ப் பால் வாளி சுமக்கும் பெண்களிடையேயும் வயிற்றில் வடுத் தாங்கியோர் உளர். அது சிசேரியன் வடு. அல்லது கருத்தடைச் சத்திரசிகிச்சையின் வடு. நாட்சம்பளத்தில் வாழ்பவளுக்கு, விடுப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஓய்வுநாளும் இழந்த கூலியே. 1980இல் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிப் பின்னர் அதனை 500 ரூபாவாக உயர்த்தியது. வறுமை நிறைந்த லயத்தில் அப்பணம் நீட்டப்பட்டபோது பெறப்பட்ட சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எவ்வாறு கூறுவது? பால் வெட்டிய மரப்பட்டை மீண்டும் வளர்வதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுக்கும் தோட்டம், அதனை வெட்டுபவளின் உடலுக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தது?

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தோட்டப் பெண்ணின் உழைப்பையும் தன்மானத்தையும் இலக்கியமாக்கிற்று. அவ்வழியில் அவளது உடலின் வரலாறும் எழுதப்பட வேண்டும். ஆனால் எழுத்தாளர் இரு தவறுகளை விலக்குதல் அவசியம். அழகுச் சிகிச்சையை நாடும் பெண்ணை எள்ளி நகையாடுதல் ஒன்று. அவள் சுமக்கும் வெட்கம் அவளாக உண்டாக்கியதன்று. தோட்டத் தாயின் வடுவைத் தியாகத்தின் அணிகலன் என்று பாடிவிட்டு, அதன் காரணத்தை மறந்துவிடுதல் மற்றொன்று.

இருவர் திறத்தும் நாம் கேட்க வேண்டியவை மூன்றே. முடிவு அவளுடையதா? உண்மை முழுவதும் அவளுக்குச் சொல்லப்பட்டதா? காயம் ஆறும்வரை ஓய்வு கிடைத்ததா? இவற்றைக் கேளாத எழுத்து, விளம்பரத்தைப் போலவே தழும்பை மூடிவைப்பதாகும்.