நந்தாவின் சம்மதம்
எம். எம். உவைஸ் தமிழில் தந்த 'கிராமப் பிறழ்வு': ஒரு மறுவாசிப்பு

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைப் பக்கமாக உள்ள வஹகோட்டையைப் புனித அந்தோனியார் தேவாலயத்தை வைத்தே பலரும் அறிவர். கண்டி மன்னர் காலத்தில் இங்கு குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என இவ்வூர்க் கத்தோலிக்கர் அறியப்படுகின்றனர். இன்று அவர்களது மொழி சிங்களம், வாழ்க்கை வயலும் சேனையும். அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் என் நீண்டநாள் நண்பர். நான் அவரைச் 'சேர்' என்பேன். அவர் என்னை 'நானா' என்பார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைச் சிங்களத்தில் பலமுறை படித்தவர் அவர். என் கையில் இருந்தது கலாநிதி எம். எம். உவைஸின் தமிழாக்கமான 'கிராமப் பிறழ்வு'. இரு நூல்களையும் அவர் வீட்டு விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சின் விளைவே இக்கட்டுரை.

உவைஸ் அவர்களை இவ்விதழின் வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடித் தொகுத்து வரலாறாக்கிய பேராசிரியர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். சிங்கள நாவலின் தலையாய படைப்பொன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். சிங்களமும் தமிழும் ஒருங்கே கைவந்த முஸ்லிம் அறிஞர் ஒருவர் இரு இலக்கியங்களுக்கும் நடுவே நின்று செய்த பணி இது. அந்த நூலை இன்று நாம் எதற்காகத் திறக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

1944இல் வெளிவந்த இந்நாவலின் களம் காலி மாவட்டத்துக் கொக்கல, விக்கிரமசிங்க பிறந்த ஊர். காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அரசரும் இல்லை, போரும் இல்லை; ஆயினும் இது வரலாற்று நாவல்தான். ஒரு வீடு சரிவதன் ஊடாக ஒரு காலம் சரிவதை இது காட்டுகிறது. ஆசிரியர் இதை எழுதும்போது அந்த ஊரே கைநழுவிப் போயிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படையினர் விமானத் தளத்துக்காகக் கொக்கல மக்களை வெளியேற்றியிருந்தனர்.

கதை நாமறிந்த கதைதான். மஹகெதர எனும் பெரிய வீட்டின் தலைவர் கைசாறுவத்தை முகாந்திரம். மனைவி மாத்தறை ஹாமினே. பிள்ளைகள் அனுலா, நந்தா, திஸ்ஸ. நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவளை விரும்புகிறான். இருவரும் ஒரே சாதி. ஆனால் பியலின் முன்னோர் காய்கறி விற்றுப் பிழைத்தவர்கள் என்பதால் பெரிய வீடு அவனை மறுக்கிறது. அந்தஸ்துப் பொருந்திய ஜினதாசவுக்கு நந்தா மணமுடித்துக் கொடுக்கப்படுகிறாள். ஜினதாசவிடம் குலம் இருந்தது, பொருளும் திறமையும் இருக்கவில்லை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கொழும்பில் செல்வந்தனான பியல் நொடிந்துபோன குடும்பத்துக்குக் கைகொடுக்கிறான். ஜினதாச இறந்துவிட்டான் என்று நம்பிய பின் நந்தா பியலை மணக்கிறாள். அதற்குப் பின்னரே ஜினதாசவின் மெய்யான மரணச் செய்தி வந்துசேர்கிறது.

நிலவுடைமை விழ, வணிக வர்க்கம் எழுந்த கதை என்று இதனை வகைப்படுத்துவது விமர்சகரின் வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் அவ்வாறு வாசிக்கும்போது நந்தா அந்த மாற்றத்தை அளக்கும் வெறும் கோலாகிவிடுகிறாள். என் வாசிப்பில் நாவலின் நடு முடிச்சு அவளுடைய சம்மதம். முதல் திருமணத்தில் குலப்பெருமை அவளுக்காகப் பேசியது. இரண்டாம் திருமணத்தில் பியலின் செல்வமும் குடும்பத்தின் நன்றிக்கடனும் அவளுக்காகப் பேசின. ஒருகாலத்தில் அடைந்திருந்த கதவு திறந்ததற்கு, மஹகெதர மனிதரைச் சமமாகக் காணக் கற்றுக்கொண்டது காரணமன்று. அளவுகோல் மாறிவிட்டது, அவ்வளவே. எனவே பியலின் வெற்றியைக் காதலின் வெற்றி என்று கொண்டாட என்னால் இயலவில்லை.

இங்குதான் நண்பர் என்னை மறுத்தார். "நந்தா ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல, நானா. அவளுக்குள்ளேயே பெரிய வீடு இருக்கிறது" என்றார். யோசித்துப் பார்த்தால் அது மிகச் சரியான கூற்று. குடும்பக் கடமை என்பது வெளியிலிருந்து விதிக்கப்படும் கட்டளை மட்டுமாயின் அதை எதிர்ப்பது எளிது. நந்தா பியலின்பால் ஈர்க்கப்படும்போதே அவன் குலத்தை எண்ணிக் கூசவும் செய்கிறாள். பெற்றோரை அவள் வெறுப்பதில்லை. அவர்களும் கொடியவர்கள் அல்லர். அன்புள்ள ஒரு குடும்பம், அன்பின் பெயராலேயே ஒரு பெண்ணின் வாழ்வைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வில்லன் இல்லாத இந்தத் துயரமே விக்கிரமசிங்கவின் பெருஞ்சாதனை.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. என் மூத்த ராத்தாவை ஓர் இளம் ஆசிரியருக்குக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் பாட்டனார் கிராமம் கிராமமாகப் பொட்டணி சுமந்து துணி விற்றவர் என்ற ஒரே காரணத்தால் வாப்பா மறுத்துவிட்டார். ராத்தாவிடம் எவரும் கேட்கவில்லை. அவவும் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருடங்களின் பின் அதே குடும்பம் நகரத்தில் இரண்டு கடைகளுக்குச் சொந்தக்காரரானபோது, எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணை மகிழ்ந்து கொடுத்தோம். அந்த நிக்காஹ் சபையில் பொட்டணி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நம்மிடம் சாதி இல்லை என்று மேடைகளில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 'குஃபு' என்னும் பொருத்தம் பார்ப்பதில் வம்சத்தோடு தொழிலையும் சேர்த்து எண்ணிய மரபு நமது ஷாஃபிஈ நூல்களில் உண்டு. பெண்ணைக் காக்க ஏற்பட்ட அவ்வேற்பாடு எத்தனை வீடுகளில் பெண்ணின் வாயை அடைக்கப் பயன்பட்டது என்பதை நாமறிவோம். தகப்பன் தன் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துக் கொடுத்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் எனும் பெண்ணின் திருமணத்தை நபிகளார் (ஸல்) ரத்துச் செய்த செய்தி ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. நாமோ, மணமகளின் கையொப்பத்தைப் பதிவேட்டில் கேட்காத ஒரு திருமணச் சட்டத்தை 1951இல் பெற்று, அதைப் பற்றிப் பல தசாப்தங்களாக வாதாடி வந்திருக்கிறோம். நந்தாவின் கதை பௌத்தக் கிராமத்துக் கதைதான். ஆனால் அவள் மௌனம் நமக்குப் பழக்கமான மௌனம்.

ஜினதாசவின் மறைவும் நமக்கு அந்நியமல்ல. காணாமற்போன கணவனின் மனைவி எத்தனை காலம் காத்திருப்பது என்பது 'மஃப்கூத்' என்ற தலைப்பில் நமது ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசும் விடயம். காணாமற்போனோருக்காக 2016இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாடு இது. விதவையா, மனைவியா என்று தெரியாத பெண்கள் மூன்று இனங்களிலும் இருக்கிறார்கள். அவர்களை மனதிற்கொண்டு நாவலின் இறுதிப் பகுதியைப் படித்தால், திடுக்கிடும் திருப்பமாகத் தோன்றியது வாழ்வின் நேரான சித்திரமாகத் தெரியும்.

குறையொன்றும் சொல்ல வேண்டும். பெரிய வீட்டின் அடுப்படியில் உழைக்கும் பெண்களின் மனதுக்குள் நாவல் அதிகம் நுழையவில்லை. நந்தாவுக்கும் பியலுக்கும் இடையிலான தூரத்தை அங்குலம் அங்குலமாக அளக்கும் ஆசிரியர், லயிசா போன்றவர்களுக்கும் நந்தாவுக்கும் இடையிலான தூரத்தை இயற்கை போலவே விட்டுவிடுகிறார். கிராமம் பிறழ்ந்தது, அதன் அடித்தட்டு பிறழ்ந்ததா என்பதற்கு விடையில்லை.

தமிழாக்கத்தின் தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'பெரலிய' என்பதில் புரண்டுபோதல் என்ற கருத்து நிற்கிறது. 'பிறழ்வு' என்றால் ஒழுங்கிலிருந்து விலகல் என்றே இன்றைய வாசகன் கொள்வான். நடந்த மாற்றம் தவறானது என்ற தீர்ப்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. இது எனக்கு நெடுநாளாய் உறுத்திய விடயம். ஆனால் பழந்தமிழில் நீரில் மீன் புரண்டு மின்னுவதும் 'பிறழ்தல்'தான். செய்யுட் தமிழில் ஊறிய உவைஸ் அப்பொருளை அறியாதவரல்லர். சிங்களச் சொல்லின் ஓசைக்கும் அது அருகில் நிற்கிறது. இப்போது அத்தலைப்பை மாற்ற எனக்கு மனமில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் எடுத்த திரைப்படமும், 1965இல் புதுடில்லி விழாவில் அது பெற்ற தங்க மயிலும் இக்கதையைக் கடல்கடந்தும் அறியவைத்தன. புன்யா ஹீந்தெனியவின் நந்தாவைக் கண்டவர்கள் அந்த முகத்தை மறக்கமாட்டார்கள். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1957இல் வந்த 'கலியுகய'வில் நந்தாவும் பியலும் கொழும்புச் செல்வர்கள். அவர்கள் மகன் அலன் ஒரு பறங்கிப் பெண்ணை விரும்புகிறான். வீடு அதை ஏற்கவில்லை; அவன் பிரிந்துபோகிறான். தான் விரும்பியவனை இழந்தவளின் வீட்டிலும் அதே கதவு மறுபடியும் சாத்தப்படுகிறது.

இந்த இடத்தைச் சொன்னபோது வஹகோட்டை நண்பர் சிரித்தார். "எங்கள் ஊரில் பெண் எடுக்க மாட்டாள் போலிருக்கிறதே உங்கள் நந்தா" என்றார். அவருடைய முன்னோர் போர்த்துக்கேயர். என்னுடைய முன்னோர் எக்கரையிலிருந்து வந்தார்கள் என்று எங்கள் வீட்டிலேயே மூன்று கதைகள் உண்டு. இருவரும் ஒரே பஸ்ஸில் கலேவெலைச் சந்தைக்குப் போகிறோம்.

வீடு திரும்பியதும் 'கிராமப் பிறழ்வை' ராத்தாவிடம் கொடுத்தேன். இரண்டு கிழமையில் வாசித்து முடித்தா. "நல்ல கதை" என்றா. சற்றுப் பொறுத்து, "அந்தப் பிள்ளையிடம் ஒருவராவது கேட்டிருக்கலாம்" என்றா. இதைவிடச் சிறந்த விமர்சனம் என்னிடம் இல்லை. நூலகங்களின் பழைய இறாக்கைகளில் கிடக்கும் உவைஸின் இத்தமிழாக்கத்தை மீண்டும் அச்சில் பரவலாக்குவது நமது இலக்கிய அமைப்புகளின் பொறுப்பு. வாங்குவோர் முதலில் தம் வீட்டுப் பெண்களின் கையில் கொடுக்கட்டும்.