சுரங்கக் கடனும் ஓர் இசைத்தொகுதியும்

நாட்டார் பாடல் என்றால் ஆக்கியோன் பெயர் அறியப்படாதது, பழமையானது, வாய்மொழியாக வழங்குவது என்று இலக்கணம் வகுப்போர் பலர். அவ்விலக்கணத்தின்படி நோக்கினால், அமெரிக்காவின் கப்பிற்றல் கம்பனி 1947 இல் 'மலைநாட்டு நாட்டார் பாடல்கள்' என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுதி வெறும் போலியே. அதனைப் பாடிய மேர்ல் ட்ராவிஸ், 'கன்ட்ரி' எனப்படும் கிராமிய இசையிற் பெயர் பெற்ற தொழில்முறைப் பாடகர். தொகுதியின் சிறந்த பாடல்கள் அவரே இயற்றியவை. கம்பனியாரின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றியவை. 1946 ஆகஸ்டில் ஹொலிவூட்டிலே பதிவுசெய்யப்பட்டவை. ஆயினும் கரிச்சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை இத்துணை நெருங்கி நின்று காட்டிய தொகுதிகள் மிகச் சிலவே. இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

விடை கம்பனியின் நோக்கத்தில் இல்லை. பாடகரின் பிறப்பிடத்திலும் அனுபவத்திலுமே உள்ளது. 1917 இல் கென்ரக்கி மாநிலத்தின் மூலன்பேர்க் மாவட்டத்திற் பிறந்த ட்ராவிஸின் தந்தை புகையிலைச் செய்கையை விட்டுச் சுரங்கத்துக்குச் சென்றவர். நாட்டார் பாடல் எதுவும் தமக்குத் தெரியாது என்று ட்ராவிஸ் கூறியபோது, அவ்வாறாயின் எழுதுக என்று கம்பனியார் பதிலளித்தனராம். அவர் எழுத அமர்ந்ததும் கைகொடுத்தவை தந்தை வழக்கமாகக் கூறிவந்த வாசகங்களும் உடன்பிறந்தான் கடிதத்தில் எழுதிய ஒரு வரியுமே. பெயர் தனிமனிதனுடையது, சொல்லோ சுரங்க மக்களுடையது.

எட்டுப் பாடல்கள் கொண்ட இத்தொகுதியில் 'பதினாறு தொன்' தலையாயது. அதன் பொருளை அறிய அக்காலச் சுரங்கக் குடியிருப்பின் அமைப்பை அறிதல் வேண்டும். தொழிலாளிக்குக் கூலி அவன் ஏற்றிய கரியின் நிறைக்கே உண்டு. வெடிமருந்து, கருவி, விளக்கெண்ணெய் ஆகியவற்றின் விலையை அதிலேயே கழித்துக்கொள்வர். வீடும் கம்பனியுடையது, கடையும் கம்பனியுடையது. பல இடங்களிற் கூலியாகக் கிடைத்தது நாணயமன்று. கம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் உலோக வில்லை. உழைத்தவன் மேலும் கடனாளியானான். வறுமையைப் பாடிய பாடல்கள் உலகிற் பலவுண்டு. வறுமையை உண்டாக்கும் கணக்கேட்டையே பாடுபொருளாக்கியமைதான் இப்பாடலின் சிறப்பு. 'பாதாளச் சிறைபோல் இருண்டது' என்ற பாடலோ, சுரங்கத்தின் ஆபத்தையும், அதனை அறிந்தும் விட்டு நீங்க முடியாத பழக்கத்தையும் இளைஞருக்கு எச்சரிக்கையாக உரைக்கின்றது.

இசையிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஒவ்வொரு பாடலுக்கும் முன்னர் ட்ராவிஸ் அயலவருடன் உரையாடுவது போலச் சில சொற்கள் பேசுகின்றார். பக்கவாத்தியம் ஒரு கிற்றார் மட்டுமே. பெருவிரல் தாழ்ந்த தந்திகளில் தாளத்தை நடத்த, சுட்டுவிரல் மேல் தந்திகளில் மெட்டை எடுக்கின்றது. இன்று 'ட்ராவிஸ் முறை' எனப்படும் இதனை அவர் மோஸ் றேகர், ஐக் எவர்லி முதலிய உள்ளூர்க் கலைஞரிடம் பயின்றார். அவர்கள் வழியாக அது, 1931 இல் மறைந்த ஆர்னல்ட் ஷுல்ற்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரிடம் சென்று சேர்கின்றது. வெள்ளையரின் இசையென விற்கப்பட்ட 'கன்ட்ரி' இசையின் அடிவேரிலே ஒரு கறுப்பு உழைப்பாளியின் கைவண்ணம் இருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்தொகுதிக்குக் குறையும் உண்டு. 'பதினாறு தொன்' நாயகன் தன் கைவலிமையைக் குறித்துப் பெருமிதம் கொள்கின்றான். ஆனால் அக்கை கம்பனியை நோக்கி உயரவில்லை, எதிர்ப்பட்ட மனிதனை நோக்கியே உயர்கின்றது. இதே கென்ரக்கியில், 1931 இல் ஹார்லன் மாவட்டப் போராட்டத்தின்போது, தொழிற்சங்கவாதி ஒருவரின் மனைவியான புளோரன்ஸ் றீஸ், நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாடலை இயற்றினார். அப்பாடலிற் சங்கம் இருந்தது. 'பதினாறு தொன்'னில் தனியன் மட்டுமே இருக்கின்றான். நோயை இவ்வளவு துல்லியமாக அறிந்த கலைஞர் மருந்தைக் கூறாமல் நின்றுவிட்டார்.

இக்குறை பிற்காலத்தில் வணிகருக்கு வசதியாயிற்று. தொடக்கத்தில் இத்தொகுதி பெரிதாக விலைபோகவில்லை. 1955 இல் ரெனசி ஏர்னி போர்ட் என்ற பாடகர், விரற்சொடுக்கும் கிளாரினெற்றும் சேர்த்துப் 'பதினாறு தொன்'னைப் பாடினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றன. கடனாளியின் பெருமூச்சு கேளிக்கைக்குரிய தாளமாயிற்று. போர்ட்டின் தட்டையும் வெளியிட்டது அதே கப்பிற்றல் கம்பனிதான்!

எனினும் பாடலை வாங்கலாம், விற்கலாம்; அதன் உள்ளே பதிந்த கணக்கை எவராலும் அழிக்க முடியாது. தன் கூலியிற் கழிவு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் தொழிலாளிக்கு அப்பாடல் இன்றும் விளங்கும். நாட்டார் பாடல் எது என்பதை அளக்க வயதும் ஆக்கியோன் பெயரும் போதா. யாருடைய உழைப்பு அதிற் பேசுகின்றது என்று கேட்போம். அவ்வளவுகோலின்படி ட்ராவிஸின் தொகுதி மக்களுடையதே. அவர் கூறாது விட்டதைக் கூறும் பொறுப்பு, அவருக்குப் பின் பாடுவோருடையது.